மேய்க்கால் போனால் வைத்தியமும் போகும்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால், கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆட்டுக்காரர்கள் பொழுது சாயுமுன்பே பட்டியில் மூட்டம் போட்டுவிடுவார்கள். ஈர வைக்கோல், வேப்பிலை, நொச்சித்தழை. பருவமழையோடு வந்து செம்மறிகளை வாரிக்கொண்டு போகும் நீலநாக்கு நோயைப் பரப்புவது, கொசுவைவிடச் சிறிய கியூலிகாய்ட்ஸ் பூச்சி. அந்தியிலும் இரவிலும்தான் அது அதிகம் கடிக்கும். மூட்டம் போடுகிற நேரம் எவ்வளவு சரி பாருங்கள்!

திருவள்ளூர் மாவட்டத்தின் சொத்து மெட்ராஸ் ரெட் செம்மறி. காய்ச்சல் கண்டு, உதடு வீங்கி, குளம்போரம் சிவந்து நொண்டுகிற ஆட்டை மந்தையோடு ஓட்ட மாட்டார்கள். வாய்ப்புண்ணோடு அது எப்படி மேயும்? பட்டியிலேயே விட்டுக் கேழ்வரகுக் கூழ் புகட்டுவார்கள். கீழிமையை விரலால் இழுத்துப் பார்ப்பார்கள். வெளுத்திருந்தால் வயிற்றில் ரத்தம் குடிக்கும் புழு. இதே சோதனையைத்தான் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் ஐந்து நிற அட்டையாக்கி, ஃபமாச்சா என்று பெயரிட்டார்கள். ராஜஸ்தானின் ராய்க்கா மக்கள், ஒட்டகத்தின் மூத்திரம் நனைந்த மணலை முகர்ந்தே சர்ரா நோயைச் சொல்வார்கள்.

தடுப்பூசி போதுமே என்பார்கள் மருத்துவர்கள். ஆட்டுக்கொல்லிக்கும் துள்ளுமாரிக்கும் ஊசி அவசியம்தான். என் கவலை வேறு. ஆட்டுக்காரரின் வைத்தியத்தில் பாதி, எங்கே, எப்போது மேய்ப்பது என்பதில் இருக்கிறது. மழைக்குத் துளிர்த்த இளம்புல்லை வயிறு முட்ட மேயவிட்டால் துள்ளுமாரி. பனி காயுமுன் ஓட்டினால் குடற்புழு. நத்தை மொய்க்கும் பள்ளத்தில் தட்டைப்புழு. அதனால் மேடு, ஏரி உள்வாய், அறுத்த கழனி என்று இடம் மாற்றி ஓட்டினார்கள். இன்று மாற்ற இடம் எங்கே? தொழிற்பேட்டை மதில், லாரி நிறுத்தம், மனைப்பிரிவுக் கல் போக, மிஞ்சியது சாலையோரமும் தண்ணீர் தேங்கும் பள்ளமும். நோய் வரும் என்று தெரிந்தே அங்கே ஓட்டுகிறார்கள், வேறு வழியில்லை. அப்பாவோடு நடந்து மேய்ச்சல் பழகாத பிள்ளைக்கு இதையெல்லாம் யார் சொல்லித்தருவது?

2012-ல் நாட்டில் 4 லட்சமாக இருந்த ஒட்டகங்கள், 2019 கணக்கெடுப்பில் இரண்டரை லட்சம். மேய்ச்சல் நிலம் சுருங்கியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நம் செம்மறிக்கும் அந்த நிலை வர விடலாமா?

கிராமப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்கும்படி, 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் ஊர் 'அ' பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்கு என்று எந்தெந்தச் சர்வே எண்கள் இருக்கின்றன என்று பாருங்கள். அடுத்த கிராம சபையில், அவற்றை அளந்து கல் நடத் தீர்மானம் கொண்டுவாருங்கள்.