கடல் வைத்த வைப்பு: வைப்பின் தீவில் ஒரு நாள்

வங்கிப் பணியாளர்களாகிய எங்களுக்கு ‘வைப்பு’ என்பது நாள்தோறும் புழங்கும் சொல். அச்சொல்லிலிருந்தே பெயர் பெற்ற தீவு ஒன்று கொச்சித் துறைமுகத்தின் வாயிலில் இருக்கிறது. வைப்பின் என்றால் கடல் கொண்டுவந்து வைத்த நிலம். 1341ஆம் ஆண்டு பெரியாற்றில் பெருகிய வெள்ளம், சங்க நூல்கள் போற்றும் முசிறித் துறையைத் தூர்த்துக் கொச்சியில் புதிய முகத்துவாரத்தைத் திறந்தது என்றும், அப்போது சேர்ந்த மணலே இத்தீவு ஆயிற்று என்றும் மரபு கூறுகிறது. அதனை முதலாகக் கொண்ட ‘புதுவைப்பு’ என்னும் ஆண்டுக் கணக்கும் கொச்சி நாட்டில் வழங்கியது.

தெற்கு வடக்காகத் தீவின் நீளம் சுமார் 25 கிலோமீட்டர். அகலம் மிகக் குறைவு. மேற்கே அரபிக் கடல், கிழக்கே காயல். 2004இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்படும் வரை எறணாகுளம் செல்லப் படகே துணை. இன்று பேருந்திலேயே சென்றுவிடலாம். எனினும் ஃபோர்ட் கொச்சியிலிருந்து படகில் கடந்து, கரையோரச் சீன வலைகளைக் கண்டவாறு தீவில் கால் வைப்பதையே நாங்கள் விரும்பினோம்.

ஞாறக்கல், நாயரம்பலம், எடவனக்காடு, குழுப்பிள்ளி, செராய், பள்ளிப்புரம் என ஊர்கள் ஒரே சாலையில் கோத்த மணிகளாய் நீள்கின்றன. கிழக்குப் பக்கம் திரும்பினால் பொக்காளி வயல்கள். உப்பைத் தாங்கி வளரும் இந்நெல் பருவமழையில் உப்பு கழுவப்பட்ட நிலத்தில், ஜூன் தொடங்கி நான்கைந்து மாதங்களில் விளைகிறது. அறுவடை முடிந்ததும் தூம்பு வழியே காயல் நீரை உள்ளே விட, அதே வயல் இறால் பண்ணையாகிறது. நெல்லின் தாள் இறாலுக்கு இரை. இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரம். உரச் செலவும் பூச்சிமருந்துச் செலவும் இல்லாத விளைச்சல் இது. புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

ஆயினும் வரவு செலவைப் பார்த்துப் பழகிய எங்கள் கண்ணுக்கு ஒரு குறை புலப்பட்டது. சேற்றிலும் நீரிலும் இயந்திரம் இறங்காது. இடுப்பளவு நீரில் நின்று கையால்தான் அறுக்க வேண்டும். அதற்கு ஆள் கிடைப்பது அரிதாகி வருகிறது. இறாலில் வருவாய் கூடுதல் என்பதால் நெல்லைக் கைவிடுவோரும் உண்டு. நெல் நின்றுபோனால் இறாலுக்கு இரையாகும் தாளும் இல்லாமற்போகும். வட்டியை மட்டும் நாடி முதலைக் கரைப்பதற்கு ஒப்பானது இது.

மேற்குக் கரையின் கதையும் இதற்கு அயலானதன்று. எடவனக்காட்டிலும் நாயரம்பலத்திலும் மழைக்காலக் கடல் வீடுகளின் வாசல் வரை ஏறுகிறது. 2004 ஆழிப்பேரலை எடவனக்காட்டில் உயிர்களைப் பறித்தது. கருங்கல் சுவர் சரிந்த இடங்களில் மணல் மூட்டைகளை அடுக்கி மக்கள் காத்திருக்கிறார்கள். வைத்த கடலே திரும்பக் கேட்கிறதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

செராய்க் கடற்கரையில் நின்றால் ஒரு பக்கம் அலை, மறுபக்கம் அசையாத காயல். இடையே சிறு நிலத்துண்டு. இவ்வூரில்தான் 1917இல் சகோதரன் அய்யப்பன் சாதி வேறுபாடின்றி எல்லோரையும் ஒரே பந்தியில் அமர்த்திச் சமபந்தி உணவு நடத்தினார். அதற்கு வடக்கே பள்ளிப்புரத்தில் போர்ச்சுக்கீசியர் 1503இல் எழுப்பிய அறுகோணக் கோட்டை இருக்கிறது. அதனையும் கடந்தால் முனம்பம் மீன்பிடித் துறைமுகம்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை செல்வது நலம். மழைக்காலத்தில் கடலில் இறங்குதல் ஆகாது. பொக்காளி அரிசி கிடைத்தால் ஒரு கிலோவேனும் வாங்கி வாருங்கள். அந்த வயல்களில் நெல் தொடர்ந்து விளைவதற்கு நாம் செலுத்தும் சிறு தவணை அது.