மௌனமும் ஒரு தரவே

மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்று இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால், மனிதர்களை நேரில் சந்தித்து அவர்களது அனுபவங்களைக் கேட்டறியும் பண்புசார் சமூக ஆய்வில் இப்பழமொழி உதவாது. அங்கே மௌனத்துக்குப் பல பொருள்கள் உண்டு. அவற்றை நாமாக ஊகித்து எழுதினால், ஒருவர் சொல்லாததைச் சொன்னதாக எழுதியவர்களாவோம்.

அமெரிக்க மானிடவியலாளர் கீத் பாஸோ 1970இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்கு நல்ல உதாரணமாகும். அரிசோனா மாநிலத்தின் சிபெக்யூ எனும் ஊரில் வாழும் மேற்கு அப்பாச்சி மக்களிடையே அவர் ஆய்வு செய்தார். அதிகம் பேசாத அம்மக்களைச் சொல்வளம் குறைந்தவர்கள், பாசத்தை வெளிக்காட்டாதவர்கள் என்று வெளியார் எண்ணினர். பாஸோவோ, அவர்கள் எப்போது, யாருக்கு முன்னால் பேசாதிருக்கிறார்கள் என்று அவதானித்தார். அறிமுகமற்றவரைச் சந்திக்கும்போது, துயருற்றவருடன் இருக்கும்போது என ஆறு சந்தர்ப்பங்களை இனங்கண்டார்.

அவற்றுள் ஒன்று பெற்றோர் மனதைத் தொடக்கூடியது. தொலைவிலுள்ள விடுதிப் பாடசாலையிலிருந்து பிள்ளை வீடு திரும்பும்போது அப்பாச்சிப் பெற்றோர் உடனே பேச்சுக் கொடுப்பதில்லை. பெரும்பாலும் பிள்ளையே முதலில் பேசும்; அவர்கள் செவிமடுப்பர். வெளியுலகம் பிள்ளையை மாற்றிவிட்டதா, தம்மை இப்போது எப்படி நோக்குகிறது என்பதை அறியக் காத்திருப்பர். இது பாசமின்மையன்று. உறவு எந்நிலையில் உள்ளதென்று நிச்சயமில்லாத வேளையில் காட்டும் நிதானம். ஆறு சந்தர்ப்பங்களுக்கும் பொதுவானது அந்த நிச்சயமின்மையே என்பது பாஸோவின் விளக்கம்.

செயற்றிட்டத்துக்காக நேர்காணல் செய்யப்போகும் மாணவியருக்கு இதில் பாடமுண்டு. வீட்டு வருமானம் பற்றிக் கேட்டதும் ஒரு பெண் மௌனமாகிறார் என்று வையுங்கள். அருகில் மாமியார் இருக்கலாம், கேள்வி விளங்காதிருக்கலாம், பழைய வேதனையொன்று நினைவுக்கு வந்திருக்கலாம், உங்களை இன்னும் நம்பாதிருக்கலாம். 'பதில் இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குத் தாவாதீர்கள். சற்றுப் பொறுத்திருங்கள். எந்த வினாவின் பின், எவ்வளவு நேரம், யார் முன்னிலையில் அம்மௌனம் நிகழ்ந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் விரும்பினால் மட்டும், தனிமையில், வேறு சொற்களில் கேட்டுப் பாருங்கள்.

அப்போதும் அவர் பேசாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். பேசாதிருப்பது அவரது உரிமை. நமது ஆய்வு முழுமை பெறுவதற்காக ஒருவரின் மனக்காயத்தைக் கிளற எவருக்கும் அனுமதியில்லை.