ஆற்று நீர் பச்சையாவது ஏன்?

ஆரணியில் வாழ்வோர் கமண்டல நாகநதியை நன்கு அறிவர். மழைக்காலம் முடிந்து சில வாரங்களில் ஓட்டம் நின்று, மணலிடையே ஆங்காங்கே குட்டைகள் மட்டும் எஞ்சும். இத்தகைய குட்டைநீர் சில நாட்களில் பச்சைச் சாயம் கரைத்தது போல் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். சாயப்பட்டறைகள் உள்ள ஊரில் அது சாயமோ என்ற ஐயம் எழுவது இயல்பே. ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் ஐயம் தீரும். அது சாயமன்று, எண்ணற்ற பாசிச் செல்கள்!

ஒரு செல் நாளுக்கொரு முறை இரண்டாகப் பிரிவதாகக் கொள்வோம். பத்தாம் நாள் முடிவில் அது 1,024 செல்களாகிவிடும். இப்பெருக்கத்திற்கு வெயிலும், தேங்கிய நீரும், நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகிய உணவுகளும் வேண்டும். பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடும். இரவிலோ, அதுவும் சுவாசித்து நீரிலுள்ள ஆக்சிஜனைக் குறைத்துவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிப்பது இதனால்தான். சிலவகைப் பாசிகள் நஞ்சையும் சுரக்கும்.

உணவு எங்கிருந்து வருகிறது?

வயல் உரம், வீட்டுச் சாக்கடை, சலவைத்தூள் ஆகியவற்றோடு நம் ஊருக்கே உரிய ஒன்றையும் சேர்க்க வேண்டும். கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு செரிசின் என்னும் பசை. சாயம் ஏற்றுமுன் சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் நூலைக் கொதிக்க வைத்து இப்பசையை நீக்குவர். செரிசின் ஒரு புரதம். அதில் சுமார் ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். கணக்கிட்டுப் பாருங்கள்: 100 கிலோ கச்சாப் பட்டிலிருந்து 25 கிலோ செரிசின், அதில் 4 கிலோ நைட்ரஜன். இது ஏறக்குறைய 9 கிலோ யூரியாவில் உள்ள நைட்ரஜனுக்குச் சமம்! அந்தக் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்டால் பாசிக்கு உரமிட்டதாகவே ஆகும்.

வந்தேறிய பாசி

2022-ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், போலந்து, ஜெர்மனி நாடுகளில் பாயும் ஓடர் ஆற்றில் சுமார் 360 டன் மீன்கள் மடிந்தன. காரணம், பிரிம்னீசியம் பார்வம் என்னும் பொன்னிறப் பாசி சுரந்த நஞ்சு. இதன் ஒரு செல் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கே இருக்கும். கடலோர உவர்நீரில் வாழும் இப்பாசிக்கு உள்நாட்டு ஆற்றில் என்ன வேலை? சுரங்கங்களும் தொழிற்சாலைகளும் விட்ட உப்புநீர் ஆற்றை உவர்நீராக்கியிருந்தது. கோடையில் நீரும் குறைந்தது, வெப்பமும் ஏறியது, உணவுச்சத்துக்களும் மிகுந்திருந்தன. விதை எப்படியோ வந்து சேரலாம். அது முளைக்க நிலத்தைப் பண்படுத்தித் தந்தவன் மனிதனே.

உப்பு நமக்கும் புதிதன்று. பருத்திக்குச் சாயமேற்றப் பட்டைவிட மிகுதியாக உப்பு வேண்டும். திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணைநீர் உப்பேறி, பாசனத்திற்கே உதவாமற் போயிற்று. விதிகளைப் பின்பற்றாத சாய ஆலைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது.

பாசியின் வித்துக்கள் பறவையின் காலிலும், மீனவரின் வலையிலும் ஒட்டிக்கொண்டு ஊர் விட்டு ஊர் செல்லும். அவற்றை முற்றிலும் தடுப்பது கடினம். ஆனால் அவற்றுக்கு உணவிடாமல் இருப்பது நம் கையில் உள்ளது. செரிசினைப் பிரித்தெடுத்தால் அழகுப் பொருள்கள் செய்யவும் பயன்படும். அடுத்த முறை பச்சை நீரைக் கண்டால், கால்நடைகளை அதில் குடிக்க விடாதீர்கள். அந்த நீருக்கு உரமிட்டது யார் என்றும் கேட்டுப் பாருங்கள்.