ஆழ்கிணற்றுக் குழாயும் அதன் பரீட்சைகளும்

பூமியின் வயிற்றில் புதைந்து கிடக்கும் எண்ணெயைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அந்த எண்ணெயை மேலே கொண்டுவந்து சேர்க்கும் குழாயைப் பற்றிக் கேட்டவர்கள் சிலரே. எஃகுக் குழாய்களைப் பரிசோதித்து, தக்கதை ஏற்றுத் தகாததைத் தள்ளும் தொழிலில் என் ஆயுளின் பெரும் பகுதி கழிந்தது. ஆகவே, ஒரு குழாய் எண்ணெய்க் கிணற்றுக்குள் இறங்குவதற்கு முன்னால் எத்தனை பரீட்சைகளில் தேற வேண்டியிருக்கிறது என்பதையும், அப்பரீட்சைகள் எதற்காக ஏற்பட்டன என்பதையும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எண்ணெய்க் கிணறு என்றதும் கைப்பிடிச் சுவரும் ராட்டினமும் உள்ள நம் ஊர்க் கிணற்றை எண்ணிவிடக் கூடாது. காவிரிப் படுகையில் நரிமணம் முதலிய இடங்களில் இத்தகைய கிணறுகள் உண்டு. ஒரு சாண் அல்லது இரண்டு சாண் அகலமே உள்ள துளை, இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குச் செல்லும். அத்துளையின் பக்கங்கள் சரியாமல் இருக்க எஃகுக் குழாயை இறக்கி, அதற்கும் மண்ணுக்கும் இடையே சிமெண்டுக் குழம்பைச் செலுத்தி இறுகச் செய்வார்கள். ஆழ்துளைக் கிணறு போடுபவர்கள் ‘கேசிங்’ என்று சொல்கிறார்களே, அதே உறைக்குழாய்தான் இது. உறைக்குழாய்க்கு உள்ளே மெல்லிய குழாய் ஒன்று தொங்கும். அதன் வழியாகத்தான் எண்ணெயும் வாயுவும் மேலே வருகின்றன. அதற்கு ‘டியூபிங்’ என்று பெயர். உறைக்குழாய் வீட்டின் சுவர் என்றால், இது வீட்டுக்குள் ஓடும் நீர்க்குழாய்.

குழாயின் அவசியம் இத்தொழிலின் தொடக்கத்திலேயே புலப்பட்டுவிட்டது. 1859-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், டைட்டஸ்வில் என்னும் ஊரருகே எட்வின் டிரேக் என்பவர் எண்ணெய்க்காகத் துளையிட்டபோது, மணலும் நீரும் துளைக்குள் சரிந்து வேலையைக் கெடுத்தன. அவர் இரும்புக் குழாயைப் பாறை மட்டம் வரையில் அடித்து இறக்கி, அதனுள்ளே துளையிடலானார். சுமார் 70 அடி ஆழத்தில் எண்ணெய் தென்பட்டது. அந்த 70 அடி இன்று 10,000 அடியாகவும் அதற்கு மேலும் வளர்ந்திருக்கிறது. அதற்கேற்பக் குழாய் படும் பாடும் வளர்ந்திருக்கிறது.

அந்தப் பாடு மூன்று வகைப்படும். தன் எடையையே தான் சுமப்பது முதலாவது. உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தம் இரண்டாவது. வெளியிலிருந்து உள்ளே நசுக்கும் அழுத்தம் மூன்றாவது. முதலாவதை மட்டும் கணக்கிட்டுப் பார்ப்போம். பெருவழக்கில் உள்ள டியூபிங் ஒன்றின் வெளிவிட்டம் இரண்டே முக்காலே அரைக்கால் அங்குலம். அதன் சுவரின் பருமன் ஐந்தரை மில்லிமீட்டர்தான். அடிக்கு ஆறரைப் பவுண்டு எடை. 10,000 அடி ஆழமுள்ள கிணற்றில், ஏறக்குறைய 30 அடி நீளமுள்ள இத்தகைய குழாய்கள் 330-க்கு மேல் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திருகப்பட்டுத் தொங்கும். மொத்த எடை 29 டன்னுக்கு மேல். இவ்வளவையும் உச்சியிலுள்ள முதற் குழாய், விரல் பருமன்கூட இல்லாத தன் சுவரால் தாங்கி நிற்கிறது. நடுவில் ஒரு குழாய் விட்டுக்கொடுத்தால், அதற்குக் கீழே உள்ளவை அனைத்தும் அடியில் போய் விழும். கமலைக் கயிறு அறுந்தால் சால் கிணற்றில் விழுவது போலத்தான். ஆனால் இங்கே பாதாளக் கரண்டியை விட்டு எடுக்க முடியாது.

ஆகவே, எந்தக் குழாய் எவ்வளவு தாங்கும் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் ஒன்று தேவைப்பட்டது. 1919-இல் தோன்றிய அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் அதனை வகுத்தது. ஜே 55, என் 80, பி 110 என்றெல்லாம் குழாய்களைத் தரம் பிரித்திருக்கிறார்கள். எழுத்துக்குப் பின்னால் வரும் எண்ணில் பொருள் இருக்கிறது. என் 80 என்றால், சதுர அங்குலத்துக்கு 80,000 பவுண்டு வரையில் இழுத்தாலும் அந்த எஃகு நிலையாக நீண்டுவிடாது என்பது உறுதி. நாம் மேலே சொன்ன குழாய் என் 80 தரமானால், அதன் உடல் 65 டன் இழுவையைத் தாங்கும். ஜே 55 ஆனால் 45 டன்தான்.

29 டன் தொங்குவதற்கு 45 டன் போதாதா என்று நேயர்கள் கேட்கலாம். தொங்குவதற்குப் போதும். ஆனால் குழாய் அடியில் சிக்கிக்கொண்டால், அதன் எடைக்கு மேலும் 20 டன் சேர்த்து இழுக்க வேண்டிய சமயம் வரும். என் 80 அதற்கு ஈடு கொடுக்கும்; அதனிடையே தவறிப் புகுந்த ஜே 55 கொடுக்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். இதனால்தான் குழாயின் மீது வர்ணப் பட்டை தீட்டுகிறார்கள். ஜே 55-க்குப் பச்சை, என் 80-க்குச் சிவப்பு, பி 110-க்கு வெள்ளை. அந்தப் பட்டை அழகுக்காக ஏற்பட்டதன்று.

இனிப் பரீட்சைகளுக்கு வருவோம். அவை உலையிலேயே தொடங்குகின்றன. ஒவ்வோர் உலை வார்ப்புக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண் குழாயுடனேயே கடைசி வரையில் செல்ல வேண்டும். வார்ப்பிலிருந்து சிறிது எடுத்து, கரி, மாங்கனீஸ், கந்தகம், பாஸ்பரம் ஆகியவை எவ்வளவு என்று ஆராய்வார்கள். கந்தகமும் பாஸ்பரமும் எஃகுக்கு ஆகாதவை. நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாத மிகச் சொற்ப அளவுக்கு மேல் அவை இருந்தால் எஃகு நொய்ந்துபோகும். பிறகு, குழாயாக உருட்டி வெப்பப் பதமும் செய்த பின்னர், ஒரு துண்டை வெட்டி எந்திரத்தில் பூட்டி அறும் வரையில் இழுப்பார்கள். எந்த இழுவையில் நீளத் தொடங்கியது, அறுவதற்கு முன் எவ்வளவு நீண்டது என்ற இரண்டையும் குறிப்பார்கள். சிறிதும் நீளாமல் திடீரென்று முறியும் எஃகு, எவ்வளவு பலமுடையதாயினும் நம்பத்தக்கதன்று. இன்னொரு துண்டில் சிறு வெட்டுப் போட்டுச் சம்மட்டியால் ஒரே அடியில் உடைத்து, உடைவதற்கு எவ்வளவு சக்தி செலவாயிற்று என்று அளப்பதும் உண்டு.

ஆனால் இவையெல்லாம் வெட்டியெடுத்த துண்டுகளுக்கு நடக்கும் சோதனைகள். கிணற்றுக்குள் இறங்கப் போவது வெட்டாத முழுக் குழாய் அல்லவா? அதைச் சேதப்படுத்தாமல் உள்ளத்தை அறிய வேண்டும். சந்தையில் பானை வாங்கும் பெண்கள் அதை விரலால் சுண்டி ஓசை கேட்பதைப் பார்த்திருக்கிறோம். ஏறத்தாழ அதே வித்தையைத்தான் விஞ்ஞானிகளும் கையாளுகிறார்கள். மனிதர் செவிக்கு எட்டாத நுண்ணொலியைக் குழாய்ச் சுவருக்குள் செலுத்தினால், வெடிப்போ இடைவெளியோ இருக்குமிடத்தில் அது எதிரொலித்துத் திரும்பும். மற்றொரு முறையில், குழாயைக் காந்தமாக்கி இரும்புத் தூளைத் தூவுவார்கள். வெடிப்புள்ள இடத்தில் காந்த விசை வெளியே கசிவதால் தூள் அங்கே கோடாகக் கூடிவிடும்.

பரிசோதிக்கும் கருவியையே பரிசோதிப்பது எப்படி? ஒரு நல்ல குழாயில், சுவர்ப் பருமனில் நூற்றுக்குப் பன்னிரண்டரை பங்கு ஆழம், கடுமையான தரங்களுக்கு ஐந்து பங்கு ஆழம் என்று வேண்டுமென்றே ஒரு கீறல் செய்து வைத்திருப்பார்கள். கருவி அந்தக் கீறலைக் கண்டு குரல் கொடுத்தால்தான் வேலை தொடங்கலாம். இடையிடையே மறுபடியும் அதனிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். ஒருமுறை கருவி தவறினால், அதற்கு முன் சரியாக இருந்த நேரத்திலிருந்து கடந்து சென்ற குழாய்கள் அனைத்தும் திரும்பி வந்தாக வேண்டும்.

அடுத்தது நீரழுத்தச் சோதனை. குழாயின் இரு முனைகளையும் அடைத்து, நீர் நிரப்பி, அழுத்தத்தை ஏற்றுவார்கள். நாம் சொன்ன என் 80 குழாய்க்கு அது சதுர அங்குலத்துக்கு 9,600 பவுண்டைத் தாண்டும். குறைந்தது ஐந்து வினாடியாவது அவ்வழுத்தத்தில் ஒரு துளி கசியாமல் நிற்க வேண்டும். காற்றை விட்டு நீரைக் கொள்வதற்குக் காரணம் உண்டு. நெருக்கிய காற்று, குழாய் வெடித்தால் குண்டு போலச் சிதறும். நீர் நெருக்கத்துக்கு உட்படாதாகையால், சிறிது கசிந்ததுமே அழுத்தம் விழுந்துவிடும். அருகில் நிற்பவன் பிழைப்பான்.

பிறகு, 42 அங்குல நீளமுள்ள உருளை ஒன்றைக் குழாய்க்குள் விட்டு மறுமுனை வரையில் செலுத்துவார்கள். குழாயின் உள்விட்டத்துக்கும் உருளைக்கும் வேறுபாடு அங்குலத்தில் முப்பத்திரண்டில் மூன்று பங்குதான். குழாய் எங்கேனும் நெளிந்திருந்தாலோ நசுங்கியிருந்தாலோ உருளை நின்றுவிடும். இன்று தொழிற்சாலையில் உருளை நின்றால் ஒரு குழாய்தான் நஷ்டம். நாளை கிணற்றுக்குள் 8,000 அடியில் ஓர் அளவுக் கருவி நின்றால் கிணறே முடங்கும். இறுதியாக மரைகளை அளப்பார்கள். அடிக்கு முக்கால் அங்குலம் குறுகிச் செல்லும் அந்த மரைகளின் சரிவும் ஆழமும் அளவுக் கருவிகளுக்குப் பொருந்த வேண்டும்.

என் அநுபவத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஓர் ஆலையில், பெயர் வேண்டாம், சரக்கு ஏற்றுவதற்கு வண்டிகள் வாசலில் நின்றன. ஒரு குழாயின் முனையிலிருந்து இரண்டடி தள்ளி, காந்தச் சோதனையில் மயிரிழை போன்ற கோடு தெரிந்தது. ஆலையின் மேற்பார்வையாளர் முதியவர், தொழில் நன்கறிந்தவர். “ஐயா, ஆயிரத்தில் ஒன்று, அதிலும் ஒரு மயிரிழை. இதற்காகவா வண்டியை நிறுத்துவது?” என்றார். அவரிடம் நான் வாதாடவில்லை. “அரத்தால் தேய்த்துப் பார்ப்போம். கோடு மறைந்த பிறகு எஞ்சிய சுவர் போதுமானதாக இருந்தால் நானே ஏற்றுக்கொள்கிறேன்” என்றேன். விதியும் அதுதான். சுவர்ப் பருமனில் எண்பத்தேழரை விழுக்காடு எஞ்ச வேண்டும். தேய்க்கத் தேயக்கக் கோடு கீழே கீழே போயிற்று; எல்லையைத் தாண்டியும் மறையவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாமாகவே அந்த வார்ப்பு எண்ணுள்ள குழாய்கள் எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார். மேலும் நான்கு குழாய்களில் அதே கோடு இருந்தது. வண்டிகள் மறுநாள் மாலைதான் புறப்பட்டன.

பலம் மிகுந்த எஃகே சிறந்த எஃகு என்று நினைப்பதும் தவறு. 1951-இல் பிரான்சின் தென்மேற்கில் லாக் என்னுமிடத்தில் ஆழத்தில் வாயு கிடைத்தது. அதில் நூற்றுக்குச் சுமார் 15 பங்கு ஹைட்ரஜன் சல்பைடு, அதாவது அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சு வாயு, கலந்திருந்தது. அவ்வாயு ஈரத்துடன் எஃகின்மேல் படும்போது, ஹைட்ரஜன் உலோகத்துக்குள் நுழைந்து அதை நொய்யதாக்குகிறது. கடினமான எஃகே முதலில் விரிசல் கண்டு முறிகிறது. ஏற்ற எஃகைக் கண்டறிந்து, 1957-இல்தான் அங்கே உற்பத்தி தொடங்கியது. இன்று இத்தகைய கிணறுகளுக்கு எல் 80 போன்ற தரங்களைக் கொள்கிறார்கள். இவற்றுக்குக் குறைந்தபட்ச பலம் மட்டுமன்றி, மிகக்கூடாத கடினத்துக்கும் எல்லை உண்டு. கடுமையான கிணறுகளுக்கு, எஃகுத் துண்டை இழுவிசையில் பூட்டி, அந்த வாயு நிறைந்த உப்புக் கரைசலில் 720 மணி நேரம், அதாவது முப்பது நாட்கள், வைத்துப் பார்க்கிறார்கள். முறியாமல் இருந்தால் தேறியது.

இவ்வளவு கண்டிப்பு தேவையா என்பவர்கள் 2003 டிசம்பரில் சீனாவின் சோங்சிங் பகுதியில் நடந்ததை நினைக்க வேண்டும். கிணறொன்றிலிருந்து இதே வாயு வெளிப்பட்டு 243 பேரைக் கொன்றது. அவர்களில் பெரும்பாலோர் சுற்றுப்புறக் கிராமத்தார். அங்கே குழாய் முறிந்ததன்று காரணம். ஆயினும், குழாய்ச் சுவர் எதை உள்ளே அடக்கி வைத்திருக்கிறது என்பதை அந்த இரவு உலகுக்குக் காட்டியது.

ஆலையில் தேறிய குழாய் என்றென்றும் தேறியதாகிவிடாது. கலிபோர்னியாவில் அலிசோ கான்யன் என்னுமிடத்தில், 1950-களில் எண்ணெய்க்காகத் தோண்டிய கிணறு ஒன்றைப் பின்னர் வாயுவைச் சேமித்து வைக்கப் பயன்படுத்தினர். அதன் உறைக்குழாயை வெளிப்புறத்திலிருந்து துரு அரித்துக்கொண்டே வந்தது. 2015 அக்டோபரில் குழாய் பிளந்து, 2016 பிப்ரவரி வரையில் ஏறத்தாழ 1,00,000 டன் மீதேன் வாயு வானில் கலந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின. சுவர் மெலிந்துவருவதைக் கிணற்றுக்குள்ளேயே அளக்கும் கருவிகள் இருக்கின்றன. உரிய காலத்தில் அவற்றை இறக்கிப் பார்ப்பவர்கள் வேண்டும். வெளியே எடுத்த பழைய டியூபிங்கையும் அளந்து, தேய்மானத்துக்கேற்ப மஞ்சள், நீலம், பச்சை, சிவப்பு என்று பட்டையிட்டுப் பிரிக்கிறார்கள். புதுக் குழாயில் தரத்தைக் காட்டிய சிவப்பு, இங்கே பாதிக்கு மேல் தேய்ந்ததைக் குறிக்கும்.

பரிசோதகனின் வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. அவன் சரியாகச் செய்த காரியம் யாருக்கும் தெரிவதில்லை. முறியாத குழாயைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதாது. அவன் கையெழுத்திட்ட குழாய் சிமெண்டுக்குப் பின்னால், இருளில், முப்பது நாற்பது ஆண்டுகள் நிற்கும். அதன் மேலே நெல் விளையும். பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள். கீழே என்ன இருக்கிறதென்று அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே ஏற்படாமல் இருப்பதுதான் அந்தக் கையெழுத்தின் பயன்.