அவங்க டேட்டிங் ஆப்ல இருக்காங்களா? தேடினா என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

[எபிசோடில் பேசியது, வாசிக்க வசதியாகச் சற்றுத் திருத்தப்பட்டுள்ளது.]

இந்த வாரம் எடுத்துக்கிட்ட கேள்வி ரொம்ப நேரடியானது. "நான் பழகுற ஆள், இல்ல கல்யாணம் பண்ணிக்கப்போற ஆள், டேட்டிங் ஆப்ல இருக்காங்களான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

இப்படிக் கேட்கறவங்களை நான் குறை சொல்லப்போறதில்லை. நம்ம ஊர்ல விசாரிக்காம யார் பொண்ணு குடுத்திருக்காங்க? தெருமுனைக் கடையில, ஆபீஸ்ல, பழைய ஹவுஸ் ஓனர்கிட்டன்னு எல்லா இடத்துலயும் கேட்பாங்க. அந்த விசாரணை இப்போ போனுக்குள்ள வந்திருக்கு, அவ்வளவுதான்.

ஆனா ஒரு வித்தியாசம். கடைக்காரர்கிட்ட கேட்டா, "நல்ல பையன்தான், கொஞ்சம் கோவக்காரன்"னு ஆளைப் பத்தி ஏதாவது சொல்லுவார். ஆப் அப்படிச் சொல்லாது. அதுல இருந்து கிடைக்கிறது ரெண்டே பதில்: ஒரு அக்கவுண்ட் இருக்கு, இல்லன்னா எதுவும் கிடைக்கல. நீங்க தெரிஞ்சுக்க நினைச்சதோ, "இவர் என்கிட்ட உண்மையா இருக்காரா?"ங்கிறது. இந்த ரெண்டுக்கும் நடுவுல பெரிய இடைவெளி இருக்கு. அதனால ஒவ்வொரு வழியும் எப்படி வேலை செய்யுதுன்னு முதல்ல பார்த்துடலாம்.

டிண்டர், பம்பிள், ஹிஞ்ச் எதுலயும் பேரைப் போட்டு ஆளைத் தேடுற வசதி கிடையாது. வயசு, பாலினம், தூரம், இதையெல்லாம் வெச்சு ஆப்தான் உங்களுக்கு ஆட்களைக் காட்டும். அதனால பலர் செய்யறது, தானே ஒரு அக்கவுண்ட் திறந்து ஸ்வைப் பண்ணிட்டே போறது, இல்லன்னா ஃப்ரெண்டைப் பண்ணச் சொல்றது. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. நீங்க அவங்களைத் தேடினா மட்டும் போதாது, அவங்க வெச்சிருக்கற வயசு, தூர அளவுக்குள்ள நீங்களும் வரணும். டிண்டர்ல 2021-லிருந்து, போன்ல சேமிச்சிருக்கற நம்பர்களை மொத்தமா பிளாக் பண்ற வசதி இருக்கு. காசு கட்டினா இன்காக்னிட்டோ மோடும் உண்டு. அதைப் போட்டுட்டா, அவங்களா லைக் பண்ண ஆட்களுக்கு மட்டும்தான் ப்ரொஃபைல் தெரியும். அப்போ, திட்டம் போட்டு ஒளிக்கிற ஆள் இந்தத் தேடல்ல சிக்கவே மாட்டார். சிக்கறது யாருன்னா, 3 வருஷம் முன்னாடி ஆரம்பிச்சுட்டு மறந்துபோன ஆள்.

இந்த மறதி ரொம்ப சாதாரண விஷயம். ஒருத்தரோட பழக ஆரம்பிச்சதும் போன்ல இருந்து ஆப்பைத் தூக்கிடுவோம். ஆனா ஆப்பை நீக்கினா அக்கவுண்ட் நீங்காது. அது சர்வர்ல அப்படியே இருக்கும், மத்தவங்களுக்குக் காட்டப்படவும் வாய்ப்பு இருக்கு. அதனால ஃப்ரெண்ட் ஒருத்தர் பதறிப்போய் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினா, முதல்ல பார்க்க வேண்டியது அது பழசா புதுசாங்கறதைத்தான். வயசை வெச்சு முடிவு பண்ணாதீங்க, பிறந்த தேதி கணக்குப்படி அது தானா ஏறிடும். போட்டோ எப்போ எடுத்தது, வேலைன்னு போட்டிருக்கறது இப்போ இருக்கற கம்பெனியா பழைய கம்பெனியா, இதெல்லாம்தான் கொஞ்சமாவது உதவும். டிண்டர்ல பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி இருந்தா, கடந்த 24 மணி நேரத்துக்குள்ள ஆப்பைத் திறந்திருக்காங்கன்னு அர்த்தம். புள்ளி இல்லன்னா ஒரு அர்த்தமும் இல்ல, ஏன்னா அதை அணைச்சு வைக்கலாம்.

அடுத்தது காசு வாங்கிட்டுத் தேடித் தர்ற இணையதளங்கள். இது புதுசு இல்ல. 2016-ல ஸ்வைப்பஸ்டர்னு ஒண்ணு வந்து பெரிய செய்தியாச்சு. பேர், வயசு, ஊர் குடுத்து 4.99 டாலர் கட்டினா, 3 தடவை தேடலாம். டிண்டரை அது ஹேக் பண்ணல. ஆப்பும் சர்வரும் பேசிக்கிற வழியில வெளியாளும் போய்க் கேட்க முடிஞ்சது, அதைப் பயன்படுத்திக்கிச்சு. டிண்டர்ல எவ்வளவு தகவல் வெளிய கிடக்குதுன்னு மக்களுக்குக் காட்டத்தான் இதைச் செஞ்சேன்னு அதை உருவாக்கினவர் சொன்னார். அப்புறம் அதுவே சீட்டர்பஸ்டர்னு பேரை மாத்திக்கிட்டு வியாபாரமாவே ஓடுச்சு.

இந்தச் சேவை நம்ம ஊர்ல எப்படி இருக்கும்னு யோசிங்க. டிண்டர்ல தெரியறது முதல் பேர் மட்டும். நம்மள்ல பாதிப் பேருக்குக் குடும்பப் பேரே கிடையாது, இனிஷியல்தான். சென்னையில 27 வயசு கார்த்திக்னு தேடினா எத்தனை கார்த்திக் வருவாங்க? மங்கலான போட்டோ, "5 கிலோமீட்டர் தூரத்தில்"னு ஒரு வரி. சந்தேகத்தோட பார்க்கற கண்ணுக்கு அதுல பாதிப் பேர் நம்ம கார்த்திக் மாதிரிதான் தெரிவாங்க. இதுபோக, இந்த மாதிரி தளங்கள்ல பல, முதல்ல "முடிவு கிடைச்சிருக்கு"ன்னு காட்டிட்டு, என்னன்னு பார்க்கத்தான் காசு கேட்கும். அவங்க பேர், போட்டோ, உங்க கார்டு நம்பர் மூணும் இப்போ முகம் தெரியாத ஒரு கம்பெனிகிட்ட இருக்கு. நான் கட்ட மாட்டேன்.

மூணாவது வழி இமெயில். இதைக் கொஞ்சம் விரிவாப் பேசணும். ஒரு தளத்துல "பாஸ்வேர்டு மறந்துடுச்சா?"னு போய் ஒருத்தரோட இமெயிலைப் போட்டா, சில தளங்கள் "இந்த முகவரியில் கணக்கு இல்லை"ன்னு சொல்லிடும். சொன்னா இல்ல, சொல்லாட்டி இருக்கு. பாதுகாப்புத் துறையில இதை ஓட்டைன்னுதான் சொல்லுவாங்க. ஒழுங்கா எழுதின தளம், இருந்தாலும் இல்லாட்டாலும் ஒரே பதில்தான் தரணும்.

ஆஷ்லி மேடிசன் கதை தெரிஞ்சிருக்கலாம். கல்யாணம் ஆனவங்க ரகசிய உறவு தேடறதுக்குன்னே கனடாவுல நடந்த தளம். அவங்களும் ஒரே வாக்கியத்தைத்தான் பதிலா தந்தாங்க. ஆனா 2015 ஜூலையில ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பாதுகாப்பு நிபுணர் ட்ராய் ஹன்ட் ஒண்ணைக் கவனிச்சு எழுதினார். அக்கவுண்ட் இல்லாத இமெயிலைப் போட்டா, பதிலோட இமெயில் போடற கட்டமும் பட்டனும் திரும்ப வருது. அக்கவுண்ட் இருந்தா ரெண்டும் காணாமப் போயிடுது. வார்த்தை ஒண்ணுதான், பக்கம் வேற. ரகசியத்தையே விற்ற கம்பெனி இது.

அந்த மாசமே தன்னை இம்பாக்ட் டீம்னு சொல்லிக்கிட்ட ஒரு ஹேக்கர் குழு அங்க இருந்த தகவல்களைத் திருடிட்டதா அறிவிச்சு, ஆகஸ்ட்ல மொத்தத்தையும் வெளியிட்டது. 3 கோடிக்கும் மேல அக்கவுண்ட். சில நாள்லயே, இமெயில் போட்டா "இருக்கு, இல்லை"ன்னு சொல்ற தளங்கள் முளைச்சுது. கணவர் இமெயில், மனைவி இமெயில், பக்கத்து வீட்டுக்காரர் இமெயில்னு தேடித் தள்ளினாங்க.

இப்போ முக்கியமான விஷயம். ஆஷ்லி மேடிசன் அக்கவுண்ட் திறக்கறப்போ இமெயிலைச் சரிபார்க்கவே இல்ல. உங்க இமெயிலைப் போட்டு நான் ஒரு அக்கவுண்ட் திறந்திருக்கலாம். பிரிட்டன் முன்னாள் பிரதமர் டோனி பிளேர் பேர்ல ஒரு முகவரிகூட அந்தப் பட்டியல்ல இருந்துச்சு. யாரோ விளையாட்டுக்குப் போட்டதுன்னு எல்லாருக்கும் புரிஞ்சுது. ஆனா பிரதமரா இல்லாத சாதாரண ஆள் ஒருத்தர் இமெயில் அதுல இருந்தா, "நான் இல்ல"ன்னு எப்படி நிரூபிப்பார்? சரி, உண்மையாவே போனவங்க நிலைமை? 19 டாலர் கட்டினா எல்லாத்தையும் அழிச்சுடறோம்னு கம்பெனி சொல்லி வித்துச்சு. காசு கட்டினவங்களோட தகவலும் அந்தக் குவியல்ல கிடந்துச்சு. பிட்காயின் அனுப்பு, இல்லாட்டி வீட்டுக்குச் சொல்லிடுவேன்னு மிரட்டல் இமெயில்கள் வந்துச்சு. இதோட தொடர்பு இருக்கலாம்னு, உறுதியாகாத 2 தற்கொலைத் தகவல்கள் வந்திருக்குன்னு டொரன்டோ போலீஸ் சொல்ற அளவுக்குப் போச்சு.

ட்ராய் ஹன்ட் ஹேவ் ஐ பீன் போன்ட்னு ஒரு தளம் நடத்தறார். நம்ம இமெயில் எந்தெந்த லீக்ல சிக்கியிருக்குன்னு யார் வேணாலும் பார்க்கலாம். ஆஷ்லி மேடிசன் தகவலை மட்டும் அவர் அப்படித் திறந்து வைக்கல. அந்த இமெயில் உங்களோடதுதான்னு உறுதிப்படுத்தினாத்தான் முடிவு தெரியும். இப்படி ஒரு பிரிவையே அதுக்காக உருவாக்கினார். அன்னைக்கு எல்லாரும் கேட்ட கேள்விக்குப் பதில் கையில இருந்தும், அடுத்தவருக்குச் சொல்ல மாட்டேன்னு நின்னதை நான் பெரிய விஷயமா நினைக்கிறேன்.

நாலாவது வழி, அவங்க போனையே எடுக்கறது. தூங்கும்போது விரலை வெச்சுத் திறக்கறது, அவங்க நம்பரை ஆப்ல போட்டு வர்ற ஓடிபியைப் பார்க்கறது, வேவு பார்க்கற ஆப்பை ஏத்தறது. இங்க சட்டம் உள்ள வரும். அனுமதி இல்லாம ஒருத்தரோட கருவிக்குள்ள போறது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகள்ல வரும். 3 வருஷம் வரை சிறை. அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாப் பயன்படுத்தினா 66சி. ஒரு பெண்ணோட இணையப் பயன்பாட்டை ஒரு ஆண் கண்காணிச்சா, பாரதிய நியாய சன்ஹிதா 78-வது பிரிவு அதைப் பின்தொடர்தல் குற்றத்துல சேர்க்குது. "நான் அவ லவ்வர்தானே"ங்கிறது இதுக்குப் பதில் ஆகாது.

சரி, பொண்ணுங்க பாதுகாப்புக்காகத் தேடறது தப்பா? இல்ல. முன்பின் தெரியாத ஒருத்தரைச் சந்திக்கப் போறதுக்கு முன்னாடி பார்க்கறது புத்திசாலித்தனம். அமெரிக்காவுல டீன்னு ஒரு ஆப் அதுக்காகவே வந்துச்சு. பெண்கள் மட்டும் சேர்ந்து, தாங்க பழகின ஆண்களைப் பத்தி ஒருத்தரை ஒருத்தர் எச்சரிக்கலாம். உள்ள வரணும்னா செல்ஃபி குடுக்கணும், அடையாள அட்டையும் வாங்கியிருந்தாங்க. 2025 ஜூலையில அதுல இருந்து சுமார் 72,000 படங்கள் வெளிய வந்துச்சு. அதுல 13,000 படங்கள் அந்தப் பெண்களோட செல்ஃபியும் அடையாள அட்டையும். விசாரிக்கப் போனவங்க முகமே ஊர் பார்க்கக் கிடந்துச்சு.

புதுசா அறிமுகமான ஆளைப் பத்தின்னா, கூகுள் லென்ஸ்ல போட்டோவைப் போட்டுப் பாருங்க. டேட்டிங் ப்ரொஃபைல்கள் லாகின் உள்ள இருக்கறதால அதுல வராது. ஆனா அந்த போட்டோ வேற யாரோ மாடலோடதுன்னா தெரிஞ்சுடும். அப்புறம் ஒரு வீடியோ கால். திருட்டு போட்டோ வெச்சிருக்கறவங்க பெரும்பாலும் அதுக்கு மட்டும் வர மாட்டாங்க. இது வேற வேலை, நல்ல வேலை.

ஏற்கெனவே பழகுற ஆள்னா, என் கருத்து, கேட்டுடுங்க. "உன் பழைய ப்ரொஃபைல் இன்னும் இருக்கா?"ன்னு சாதாரணமா. ஸ்க்ரீன்ஷாட் கையில இருந்தா அதையும் காட்டிக் கேளுங்க, ஒளிச்சு வெச்சுப் பரீட்சை வைக்காதீங்க. முழிக்கறது, சிரிக்கறது, அங்கேயே அழிச்சுக் காட்டறது, கோவப்படறது, எதுவா இருந்தாலும் 4.99 டாலர்ல கிடைக்கறதை விட அதிகமாத் தெரியும். என் போட்டோவை வேற யாரோ போட்டிருக்காங்கன்னு அவங்க சொன்னா, அதுவும் நடக்கறதுதான். அந்த ஆப்ல புகார் குடுக்கலாம், சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்துலயும் பதியலாம். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தே பண்ணலாம்.

இன்னொண்ணு. நீங்க கண்டுபிடிச்சது ஒரு ஆணோட கிரைண்டர் ப்ரொஃபைல்னு வைங்க. 377-வது பிரிவு விஷயத்துல உச்ச நீதிமன்றம் 2018-லயே தீர்ப்பு சொல்லிடுச்சு. அவர் வீடு இன்னும் சொல்லல. கல்யாணப் பேச்சு நடக்குதுன்னா உங்களுக்கு அவர்கிட்ட கேட்கற உரிமை முழுசா இருக்கு, வேண்டாம்னு சொல்ற உரிமையும் இருக்கு. ஆனா அந்த ஸ்க்ரீன்ஷாட் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகக் கூடாது. வீட்டுல காரணம் கேட்டா "ஒத்து வரல" போதும். இது ஒண்ணுல மட்டும் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

கடைசியா, கேட்டுட்டு இருக்கற உங்களுக்கு. உங்க பழைய அக்கவுண்ட் எங்கயாவது கிடந்தா, ஆப்பைத் திரும்ப இறக்கி, உள்ள போய், செட்டிங்ஸ்ல கீழ வரை வந்து டெலீட் அக்கவுண்ட் குடுங்க. பாஸ் குடுத்தா ஒளியும், போகாது. மாசாமாசம் காசு கட்டிட்டு இருந்தீங்கன்னா, சப்ஸ்க்ரிப்ஷனை ப்ளே ஸ்டோர் இல்ல ஆப் ஸ்டோர்ல தனியா நிறுத்தணும், அக்கவுண்ட்டை அழிச்சாலும் அது பாட்டுக்குக் காசு எடுத்துட்டே இருக்கும்.