கூடைப் பூவும் கடைப் பூவும்

மாலை ஐந்து மணிக்கு மேல் நம் கடைத்தெருவில் நின்று பார்த்தால் இந்தக் காட்சி தப்பாது. பலகை போட்டு, விளக்கு எரியவிட்டு, மாலைகளை வரிசையாகத் தொங்கவிட்ட பூக்கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவர் கடைக்குப் பத்தடி தள்ளி, ஒரு மூங்கில் கூடையும் ஈரச் சாக்கும் தவிர வேறொன்றும் இல்லாத ஓர் அம்மாளைச் சுற்றி நாலைந்து பெண்கள் நிற்பார்கள். கடைக்காரர் மல்லிகை முழம் முப்பது ரூபாய் என்றால், அந்த அம்மாள் இருபத்தைந்து என்பார். "என்னண்ணே, அங்கே இருபத்தஞ்சுக்குத் தர்றாங்களே?" என்று கேட்டுவிட்டு வாடிக்கையாளர் நகர்ந்துவிடுவார்.

"ஒரு செலவும் இல்லாதவர்களோடு எப்படிப் போட்டி போடுவது?" என்று சங்கத்தின் பூ வியாபாரி உறுப்பினர்கள் எங்களிடம் கேட்பது புதிதல்ல. தள்ளுவண்டியில் வெங்காயம் வருவதைப் பார்க்கும் மளிகைக் கடைக்காரர்களும் இதையேதான் கேட்கிறார்கள். நாங்கள் மதுரையில் குடும்பத்தோடு பூத்தொழிலில் இருப்பவர்கள். இந்தக் கேள்வியை நாங்களும் கேட்டிருக்கிறோம்; கோபத்தில் செய்யக் கூடாததையும் ஒருமுறை செய்திருக்கிறோம். அதை மறைக்காமல் எழுதினால்தான் மற்றவர்களுக்குப் பயன்படும்.

முதலில் கணக்கு

கோபத்தை ஒதுக்கிவிட்டுப் பென்சிலை எடுப்போம். உதாரணத்துக்கு ஒரு சிறிய பூக்கடைக்கு மாத வாடகை 7,500 ரூபாய், கரண்ட் 1,500, கட்டுகிற ஆளுக்குச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 21,000. நாளொன்றுக்கு 700 ரூபாய். அந்தக் கடையில் ஒரு நாளில் 140 முழம் சரம் விற்கிறது என்றால், ஒவ்வொரு முழத்தின் தலையிலும் 5 ரூபாய் செலவு ஏறுகிறது. முப்பதுக்கும் இருபத்தைந்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கடைக்காரர் பேராசைக்காரரும் இல்லை, கூடைக்காரி நம்மைக் கெடுக்க வந்தவரும் இல்லை.

இதில் பலர் செய்கிற தவறு, தாமும் இருபத்தைந்துக்கு இறங்குவது. இறங்கினால் வாடகைப் பணம் கையைவிட்டுப் போகும். அந்த அம்மாளோ ஏழு மணிக்கு மேல் இருபதுக்கு இறங்குவார். அதிகாலையில் மொட்டாகப் பறித்த மல்லி அன்று மாலையே விரிந்துவிடும். விரிந்த பிறகு அதற்கு விலை இல்லை. விற்றுத் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியவர் எந்த விலைக்கும் இறங்கத்தான் செய்வார். அவரோடு விலையில் ஓடுகிற ஓட்டத்துக்கு முடிவு கிடையாது.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தை நம்மவர்கள் பார்ப்பதில்லை. செலவே இல்லாதவர் என்று நாம் நினைக்கிற அந்த அம்மாளுக்கு உண்மையில் பெரிய செலவு ஒன்று இருக்கிறது. அவருக்குக் கையில் முதல் கிடையாது. காலையில் வட்டிக்காரரிடம் 900 ரூபாய் வாங்கி, இரவில் 1,000 ரூபாயாகத் திருப்புவது இந்த வட்டாரங்களில் பழகிப்போன முறை. கந்து வட்டியைத் தடுக்க 2003-ல் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. இருந்தும் நடைபாதையில் இந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றுவிடவில்லை. ஒரு நாள் கடனுக்கு 100 ரூபாய். அந்த அம்மாள் 40 முழம் விற்கிறார் என்றால், முழத்துக்கு இரண்டரை ரூபாய் வட்டிக்கே போகிறது. நம் முழத்தில் வாடகை ஏறியிருப்பதுபோல அவர் முழத்தில் வட்டி ஏறியிருக்கிறது. மாட்டுத்தாவணிக்குப் போய்வரும் ஆட்டோவும் அவருக்குக் குறைந்த சரக்கின் மீதுதான் விழுகிறது; நாம் ஐந்து கிலோவுக்குக் கொடுக்கும் கூலியை அவர் ஒரு கிலோவுக்குக் கொடுக்கிறார்.

இந்த இரண்டரை ரூபாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் சொல்ல வந்ததே அதைச் சுற்றித்தான்.

நாங்கள் கொடுத்த மனு

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் கடை வாசலில் மூன்று கூடைகள் உட்கார ஆரம்பித்தன. வியாபாரம் படுத்துவிட்டது என்று நினைத்து, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று எழுதி மனுக் கொடுத்தோம். ஆட்கள் வந்து கூடைகளைத் தூக்கிப் போட்டார்கள். மிதிபட்ட பூவைப் பார்த்தபோதே எங்களுக்குப் பாதி வருத்தம். மீதி வருத்தம் பத்து நாளில் வந்தது. கூடைகள் அடுத்த திருப்பத்தில் போய் உட்கார்ந்தன. பஸ்ஸுக்குப் போகிற வழியில் பூ வாங்கும் பெண்களும் கூடவே அங்கே போய்விட்டார்கள். கூட்டத்தோடு கூட்டமாக எங்கள் கடையில் மாலையும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டிருந்தவர்களும் குறைந்தார்கள். பூ வாங்கும் இடம் என்று ஒரு மூலைக்குப் பெயர் ஏற்பட்டதே அந்தக் கூடைகளால்தான் என்பது அவை போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

இன்று அப்படி மனுக் கொடுக்க நினைப்பவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. நடைபாதையில் வியாபாரம் செய்வதும் அரசியல் சட்டம் தரும் தொழில் உரிமைக்குள் வரும், ஆனால் நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1989-ல் சோதன் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. 2014-ல் தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்தது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்றும், இடம் மாற்றுவதானால் 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அதே சட்டம் அமைக்கச் சொல்லும் நகர விற்பனைக் குழுவில் தெருவோர வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வணிகர் சங்கங்களுக்கும் அந்தக் குழுவில் இடம் உண்டு என்பதை நம்மவர்களில் பலர் கவனிப்பதில்லை. கடை வாசலை அடைக்காமல் கூடை எங்கே உட்காரலாம் என்று பேச வேண்டிய இடம் அதுதான்.

இன்னொரு எச்சரிக்கை. "அவர் முழம் குறைகிறது" என்று புகார் சொல்லப் போகிறவர்கள் தம் கையையும் ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்ளட்டும். 2009-ம் ஆண்டு எடையளவுச் சட்டப்படி மீட்டர், கிலோ, எண்ணிக்கை இவற்றில்தான் விலை சொல்ல வேண்டும்; முழம் என்ற அளவே சட்டத்தில் இல்லை. அதிகாரி வந்தால், விலாசமும் பெயர்ப்பலகையும் உள்ள கடைக்குத்தான் முதலில் வருவார். எங்கள் கடை மேசை விளிம்பில் 45 செ.மீ. அளந்து இரண்டு ஆணி அடித்திருக்கிறோம். சரத்தை அதில் வைத்துக் காட்டித்தான் வெட்டுகிறோம். யார் கட்டினாலும், யார் வெட்டினாலும் அளவு ஒன்றுதான். சொன்னால் சிரிப்பீர்கள், அந்த இரண்டு ஆணிகள் எங்களுக்குக் கொண்டுவந்த வாடிக்கை குளிர்பெட்டி கொண்டுவந்ததைவிட அதிகம்.

குளிர்பெட்டியைப் பற்றி

கூடைக்காரியிடம் இல்லாதது நம்மிடம் இருக்கிறது என்று பெருமைப்பட்டுக் குளிர்பெட்டி வாங்கியவர்கள் உண்டு. ரோஜா, செவ்வந்தி இவற்றுக்கு அது நல்ல முதலீடு. நாலு நாள் தாங்கும். மல்லிக்கு அவ்வளவாக உதவாது. ஈரத்துணியில் சுற்றி வைத்தால் மறுநாள் வரை மொட்டாக நிற்கும் என்பது சரிதான். ஆனால் வெளியே எடுத்த சிறிது நேரத்தில் ஓரம் பழுக்கும், மணம் குறையும். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு அந்த மணமும் ஒரு காரணம்; மணமில்லாத மல்லியை இந்த ஊர்ப் பெண்களிடம் இரண்டாம் முறை விற்க முடியாது. நேற்றைய சரத்தை இன்றைய சரத்தோடு கலந்து தொங்கவிடுகிறவர், இன்று வாங்கிய பூவை இன்றே விற்கும் கூடைக்காரிக்குத் தம் வாடிக்கையைத் தாமே அனுப்பிவைக்கிறார்.

கடை என்பதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. கூடை நகரும், கடை நகராது. கல்யாண மாலைக்கு முன்பணம் கொடுப்பவர், நாளை அந்த இடத்தில் ஆள் இருப்பாரா என்று பார்த்துத்தான் கொடுப்பார். துக்க வீட்டுக்கு இரவு பத்து மணிக்கு மாலை கேட்டு வருபவர் கதவு தட்டக் கடை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். (அந்த நேரத்தில் விலையை ஏற்றிச் சொல்பவரை அந்தக் குடும்பம் தலைமுறைக்கும் மறக்காது.) முகூர்த்த நாளில் சந்தை விலை எகிறும் என்பதால், ஆர்டர் சீட்டில் மாலையின் விலையை முடிவாக எழுதாமல், பூவின் எடையை எழுதி, விலை அன்றைய சந்தைப்படி என்று எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. இதை எழுதாமல் நாங்கள் ஒரு தை மாதம் நன்றாகக் கையைச் சுட்டுக்கொண்டோம்.

நம் உறுப்பினர்களே பெரிய வாடிக்கை என்பதையும் பூக்கடைக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு மளிகைக் கடையிலும் ஜவுளிக் கடையிலும் காலையில் சாமி படத்துக்கும் கல்லாப் பெட்டிக்கும் பூ போடாமல் வியாபாரம் தொடங்குவதில்லை. கடை திறக்கும் நேரத்துக்கு வீதி முழுவதும் சரம் கொண்டுபோய்க் கொடுத்து, மாதம் ஒருமுறை வசூல் செய்யும் வேலையைக் கூடைக்காரியால் செய்ய முடியாது. ஒரு மாதம் பணத்தைக் காத்திருக்க வைக்க அவருக்குச் சக்தி இல்லை. வெள்ளிக்கிழமைக்குத் தனி மாலை என்று சேர்த்துக்கொண்டால் இந்த ஒரு வரவே கடையின் கரண்ட் பில்லைக் கட்டிவிடும்.

இரண்டரை ரூபாய்க்கு வருவோம்

எங்கள் வாசலில் இருந்து போன மூன்று பேரில் ஒருவர் திரும்பி வந்தபோது அவரிடம் ஓர் ஏற்பாடு பேசினோம். "அக்கா, காலையில் வட்டிக்கு வாங்காதீங்க. எங்க சரக்கிலிருந்து பூவை எடுத்துக்கிட்டுப் போங்க, ராத்திரி பணம் கொடுங்க" என்றோம். எங்களுக்கு 900 ரூபாய் அடங்கும் உதிரிப்பூவை 950-க்குக் கொடுக்கிறோம். வட்டிக்கு வாங்கியிருந்தால் அவர் அன்றிரவு 1,000 கட்டியிருப்பார். இப்போது 50 ரூபாய் மிச்சம், சந்தைக்குப் போகும் ஆட்டோவும் மிச்சம். எங்களுக்கு 50 ரூபாய் வரவு. இப்படி நாலு பேர் எடுத்தால் நாளைக்கு 200, மாதத்துக்கு 6,000. மேலே சொன்ன கணக்கில் கடை வாடகை எவ்வளவு என்று திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். கொள்முதல் பெரிதானதால் கமிஷன் மண்டியில் எங்களுக்குக் கிடைக்கும் மரியாதையும் கூடியிருக்கிறது. நல்ல மூட்டையை முதலில் பிரித்துக் காட்டுகிறார்கள்.

பதிலுக்கு நாங்கள் கேட்டது இரண்டு. கடைப் படியை விட்டுப் பத்தடி தள்ளி உட்கார வேண்டும். மாலை, கதம்பம், பூஜைக் கூடை என்று யார் கேட்டாலும் எங்கள் கடையைக் காட்ட வேண்டும். நாங்களும் இரண்டு முழம் மட்டும் கேட்டு, விலை அதிகம் என்கிறவரை அவரிடம் அனுப்பிவிடுகிறோம். அவர் விற்பதிலும் எங்கள் பூ இருக்கிறது, வருத்தப்பட ஒன்றுமில்லை.

எல்லாம் சுமுகமாகத்தான் நடந்தது என்று சொல்லமாட்டோம். ஆரம்பத்தில் ஒருவர் மூன்று நாள் சரக்கை எடுத்துவிட்டு வேறு தெருவுக்குப் போய்விட்டார். அதன்பின் ஒரு நாள் பாக்கியைத் தீர்க்காமல் மறுநாள் பூ இல்லை என்று வைத்துக்கொண்டோம். விற்காத பூவைத் திருப்பி எடுப்பதில்லை; எடுத்தால் நம் கடைதான் வாடிய பூவுக்குக் கிடங்காகும். மழை நாளில் மட்டும் பாதியை மறுநாளுக்குத் தள்ளிக் கொடுக்கிறோம். தெருவோர வியாபாரிகளுக்காக மத்திய அரசு 2020-ல் தொடங்கிய ஸ்வநிதி திட்டத்தில் முதல் தவணையாக 10,000 ரூபாய் வங்கிக் கடன் கொடுத்தார்கள். எங்களிடம் எடுப்பவர்களில் இருவர் அதை வாங்கினார்கள். வாங்கிய பின் பூ எடுப்பதை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தோம். நிற்கவில்லை. ரொக்கம் கொடுத்து எடுக்கிறார்கள், அவர்களுக்கு 925-க்கே கொடுக்கிறோம்.

மார்கழி, தையில் பனியால் வரத்துக் குறைந்து மல்லி கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும்போது இந்த ஏற்பாடு இன்னும் அதிகமாகப் பயன்படுகிறது. அந்த விலையில் ஒரு கிலோ எடுக்க அவர்களால் முடியாது. நாங்கள் எடுத்து, 100 கிராம், 150 கிராமாக நிறுத்துப் பிரித்துக் கொடுக்கிறோம். தராசுக்கு முத்திரை போட்டுத்தான் வைத்திருக்கிறோம்.