கல்கத்தாவின் சைக்லோட்ரான்

அணுக்கருவை ஆராய வேண்டுமானால் மின்னூட்டம் பெற்ற துகள்களை மாபெரும் வேகத்தில் அதன்மீது மோதவிட வேண்டும் என்பதும், அதற்குப் பல லட்சம் வோல்ட் அழுத்தம் வேண்டும் என்பதும் பௌதிக விஞ்ஞானிகளை மலைக்க வைத்திருந்த காலத்தில், துகள்களை வட்டமிடச் செய்து அந்த அழுத்தத்தைச் சிறுகச் சிறுக ஊட்டினால் போதும் என்று கண்டவர் கலிபோர்னியா சர்வகலாசாலையின் எர்னஸ்ட் லாரன்ஸ். காந்தப் புலத்தில் ஓடும் அயனி வட்டமிடும். அதன் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்காதவரை, வேகம் கூடக் கூட வட்டம் விரியுமே ஒழியச் சுற்றுக்குப் பிடிக்கும் காலம் மாறுவதில்லை. ஆதலால் சீராகத் திசை மாறும் மின்சாரம் ஒன்றே அரைச் சுற்றுக்கு ஒருமுறை அதைத் தவறாமல் உந்திவிடும். 1931இல் அவருடைய மாணவர் லிவிங்ஸ்டன் பித்தளையில் அமைத்து, மூட்டுகளை அரக்கால் அடைத்த நாலரை அங்குலப் பெட்டி, இரண்டாயிரம் வோல்ட்டுக்கும் குறைவான அழுத்தத்தைக் கொண்டே ஹைட்ரஜன் அயனிகளுக்கு 80,000 எலெக்ட்ரான் வோல்ட் சக்தியை அளித்தது.

சைக்லோட்ரான் என்னும் இந்த யந்திரத்தைக் கட்டுவோரின் உயிரை வாங்குவது காந்தமன்று, வெற்றிடம். சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு மயிரிழைப் பருமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு தூரம் செல்வதற்குள் இன்னொன்றின்மீது முட்டிக்கொள்கிறது. அயனியோ சிறு பெட்டிக்குள்ளேயே பல மீட்டர் சுற்றியாக வேண்டும். சுழல் பம்பு காற்றை இறைக்க, அதற்கு முன்னால் எண்ணெய் ஆவியின் தாரை எஞ்சிய மூலக்கூறுகளை அள்ளித் தள்ள, அப்படியும் அழுத்தமானியின் முள் இறங்காவிடில், சாராயம் தோய்த்த பஞ்சை மூட்டு மூட்டாக ஒற்றி, எந்த இடத்தில் முள் துள்ளுகிறது என்று பொறுமையோடு பார்த்துக் கசிவைப் பிடிக்க வேண்டும். எந்தப் புத்தகமும் கற்பிக்க முடியாத கைவித்தை இது.

கல்கத்தா சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியர் மேகநாத சாஹா இதைத் தீர உணர்ந்திருந்தார் என்றே எண்ணுகிறேன். யந்திரத்தை வரவழைப்பதற்கு முன்பாகவே, 1938இல், தம் சீடர் நாக் சௌத்ரியை லாரன்ஸிடம் பயில அனுப்பினார். நேருவின் ஆதரவோடு டாட்டா அறக்கட்டளையிடமிருந்து 60,000 ரூபாயும் பெற்றார். 1941இல் சீடர் திரும்பினார். காந்தத்தின் பாகங்களும் வந்து சேர்ந்தன. ஆனால் வெற்றிடப் பம்புகளை ஏற்றி வந்த கப்பல் இரண்டாம் உலகப் போரில் மூழ்கடிக்கப்பட்டது. மூச்சுக் குழலை இழந்த அந்த யந்திரம் செவ்வனே இயங்கப் போர் முடிந்தும் பல்லாண்டுகள் பிடித்தன. இதைத் தோல்வி என்று எழுதுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. கப்பலுக்காகக் காத்திராமல் 1940இலேயே எம்.எஸ்ஸி. பாடத்தில் அணுக்கரு பௌதிகத்தைச் சேர்த்துவிட்டார் சாஹா. 1950இல் ஐரீன் ஜோலியோ கியூரி அங்கே அணுக்கரு பௌதிக நிலையத்தைத் திறந்து வைத்தபோது, அத்துறையைக் கற்றுத் தேர்ந்த இளைஞர்கள் இந்த மண்ணிலேயே உருவாகியிருந்தார்கள்.